நாலடிக்கு ஆறடி இடம்

மேற்கு மாம்பலத்தில் ஒரு மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் எனக்கு ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் என்பது போர்டில் இருக்கும் பேர்தான், பிழைப்பு ஓடுவது விண்ணப்பங்களால். ஆதாரில் முகவரி மாற்றம், ரேஷன் கார்டில் மருமகள் பேர் சேர்ப்பது, முதியோர் உதவித்தொகை மனு, அப்புறம் நடைபாதை வியாபாரிகளுக்கான படிவங்கள். 2020-இல் பி.எம். சுவநிதி கடன் வந்ததிலிருந்து இந்தக் கடைசி வகை கூட்டம் நிறைய.

அந்தப் படிவங்களில் ‘வியாபாரம் செய்யும் இடம்’ என்று ஒரு கட்டம் வரும். கதவு எண், தெரு, வார்டு என்று வரிசையாகக் கேட்டால் யாருக்கும் வாய் திறக்காது. ‘எங்க உட்காருவீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள், கொட்டும். ‘ட்ரான்ஸ்பார்மர் பக்கத்துலம்மா. பதினோரு மணிக்கு மேல அங்க வெயில் ஏறிடும், அப்போ மருந்துக்கடை ஓரமா போயிடுவேன், அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. வெள்ளிக்கிழமைன்னா கோயில் வாசல்.’ இவ்வளவையும் ஒரு கட்டத்துக்குள் எப்படி அடைப்பது? ‘மின்மாற்றி அருகில்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவேன்.

ஆனால் அந்தக் கீரைக்கார ஆயா சொன்னதில்தான் அவருடைய மொத்தத் தொழிலும் இருக்கிறது. எந்தப் பக்கம் எப்போது நிழல் விழும், பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பும் அம்மாக்கள் எந்த ஓரமாக நடப்பார்கள், மின்சார ரயில் வந்து எத்தனை நிமிஷத்தில் கூட்டம் இந்த முனைக்கு வரும், எந்த வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுத்தால்தான் வாங்குவார்கள். அவரிடம் ‘முதல் எவ்வளவு’ என்று கேட்டால் ரெண்டாயிரம் என்பார். அதுவும் தண்டல் காசு. பத்தாயிரம் என்று பேசி எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுத்துவிட்டு, தினம் நூறு வீதம் நூறு நாள் வசூல் செய்வார்கள். காசு இரவல், தராசு பழசு, சரக்கு சாயங்காலத்துக்குள் வாடிவிடும். சொந்தம் என்று இருப்பது அந்த நாலடிக்கு ஆறடி இடமும் அதைச் சுற்றியிருக்கும் பழக்கமும்தான்.

கார்ப்பரேட் கம்பெனிகள் தெருவியாபாரத்தை விழுங்குகின்றன என்று பேச்சு எழும்போதெல்லாம் ‘பெரிய மீன் சின்ன மீன்’ என்று ஆரம்பிக்கிறார்கள். விலையைப் பற்றிப் பேசுகிறார்கள், தரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். என் கடையில் உட்கார்ந்து பார்த்தவரைக்கும் விலையில் தோற்று மூடியவர்கள் குறைவு. இடம் போய் மூடியவர்கள்தான் அதிகம். இந்தப் பதிவில் நான் சொல்ல வருவதும் அதுதான்: இடத்தைக் காப்பாற்றிக் கொடுங்கள், போட்டியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

சட்டம் இதை ஓரளவு புரிந்துதான் எழுதப்பட்டிருக்கிறது. 1989-இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், தெருவில் வியாபாரம் செய்வது அரசியல் சட்டத்தின் 19(1)(ஜி) பிரிவு தரும் அடிப்படை உரிமைக்குள் வரும் என்றது. கட்டுப்பாடுகள் விதிக்கலாம், ஆனால் ஒரேயடியாகக் கிடையாது என்று சொல்ல முடியாது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. குறிப்பிட்ட இந்த இடத்தில்தான் விற்பேன் என்று யாரும் அடிப்படை உரிமை கொண்டாட முடியாது என்றும் சொல்லிவிட்டது. விற்கலாம், எங்கே என்பது உன் கையில் இல்லை என்று அர்த்தம். ஆயாவின் கணக்கில் பார்த்தால், சோறு உண்டு, தட்டு கிடையாது.

அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் 2014-ஆம் வருஷத்துத் தெருவியாபாரிகள் சட்டம். அந்த வருஷம் மே 1 முதல் அமல். அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும்வரை ஏற்கெனவே இருப்பவர்களை அப்புறப்படுத்தக் கூடாது. ஊர் மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கலாம். சென்னை மாநகராட்சியின் விரிந்த எல்லைக்குள் 2011 கணக்குப்படியே 66 லட்சம் பேருக்கு மேல். அப்படியானால் ஒன்றரை லட்சம் வியாபாரிகளுக்கு மேல் சட்டமே இடம் வைத்திருக்கிறது. ‘நடைபாதைக் கடையே சட்டவிரோதம்தானே’ என்று என் கடையில் நின்று பேசும் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் முதலில் சொல்வேன்.

இந்தச் சட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அஞ்சாவது பிரிவு. பெரிதாக யாரும் பேசுவதில்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் மூன்று உறுதிமொழி கொடுக்க வேண்டும்: நானோ என் குடும்பத்தில் ஒருவரோதான் விற்போம், எனக்கு வேறு பிழைப்பு இல்லை, இந்தச் சான்றிதழை யாருக்கும் மாற்றித் தர மாட்டேன், வாடகைக்கும் விட மாட்டேன். ஒரு கம்பெனியால் இந்த மூன்றில் எதையாவது சொல்ல முடியுமா? முன்வாசல் வழியாகக் கம்பெனி நடைபாதைக்கு வரவே முடியாதபடி பூட்டுப் போட்டாயிற்று.

அதே பூட்டு உள்ளூர் ஆட்களுக்கும் சேர்த்துத்தான். ஒரே ஆள் நாலு முனையைப் பிடித்து வைத்துக்கொண்டு, நாள் வாடகைக்கு விட்டு, சாயங்காலம் பைக்கில் வந்து வசூல் செய்வது எங்கள் பக்கத்திலேயே உண்டு. பெரிய கம்பெனியைத் திட்டும் மேடைகளில் இவரும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். சங்கத்துக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, தன் காலில் நின்று விற்பவருக்கு அந்தப் பக்கமும் இடிதான், இந்தப் பக்கமும் இடிதான்.

சரி, முன்வாசல் பூட்டு. கம்பெனி எப்படி வருகிறது?

முதல் வழி அழகுபடுத்தல். பாண்டி பஜார் தெரியாத சென்னைக்காரர் இருக்க முடியாது. தியாகராய சாலையில் இரண்டு பக்கமும் வளையல், ஹேர் கிளிப், பர்ஸ், செருப்பு என்று நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். 2013-இல் அவர்களுக்கென்று கட்டிய மாடி வளாகத்துக்கு மாற்றினார்கள். வெயில் மழை கிடையாது, தலைக்கு மேல் கூரை, ஆளுக்கொரு கடை எண். வெளியிலிருந்து பார்த்தால் இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் ஹேர் கிளிப் வாங்குவதற்கென்று யாராவது மாடி ஏறுவார்களா? போகிற போக்கில் கண்ணில் பட்டால் வாங்குகிற பொருள் அது. வியாபாரம் படுத்துவிட்டது என்று அவர்கள் முறையிட்டது பேப்பரில் எல்லாம் வந்தது. பிறகு 2019 நவம்பரில் அதே சாலையில் அகலமான நடைபாதை வளாகம் திறந்தார்கள். நடக்க அருமையாக இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. என் மாமியாரைச் சக்கர நாற்காலியில் அங்கே அழைத்துப் போக முடிகிறது, வேறு எந்தத் தெருவில் முடியும்? ஆனால் அந்த அகலமான நடைபாதையில் நடக்கும் கூட்டத்தின் கண்ணில் இப்போது யாருடைய கண்ணாடி ஜன்னல் படுகிறது என்று மட்டும் பாருங்கள். கூட்டத்தைச் சேர்த்துவைத்தவர்கள் மாடியில், கூட்டம் கீழே.

யாரும் சதி செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. வரைபடம் போடுகிறவர் நடைபாதையை அகலமாகப் போட்டிருப்பார், மரம் போட்டிருப்பார், உட்காரக் கல்பெஞ்சு போட்டிருப்பார். கூடை வைத்துக்கொண்டு ஒரு அம்மா உட்காருவதற்கு அதில் படம் வரைய மாட்டார், அவ்வளவுதான்.

இதே கதை கடல் தாண்டியும் நடந்திருக்கிறது, அங்கே முடிவு வேறு. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தில் வார்விக் சந்திப்பு என்று ஒரு இடம். ரயில், பஸ், வேன் எல்லாம் வந்து சேரும் முனை, தினம் லட்சக்கணக்கான ஜனம். அங்கே ‘அர்லி மார்னிங் மார்க்கெட்’ என்று, 1910-இல் தொடங்கிய ஒரு காய்கறிச் சந்தை இருக்கிறது. கரும்புத் தோட்டக் கூலிகளாக மதராஸிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் வாரிசுகளும், ஒப்பந்தம் முடிந்து சொந்தமாகக் காய் பயிரிட்டவர்களும் விற்று வளர்த்த சந்தை. 2010 உலகக் கோப்பைக் கால்பந்து வருகிறது என்றதும், 2009-இல் அந்தச் சந்தையை இடித்து மால் கட்டுவதாக நகரசபை அறிவித்தது. திட்டத்தின் சூட்சுமம் கட்டடத்தில் இல்லை. ரயிலிலிருந்து இறங்கி வரும் கூட்டம் மால் வழியாக நடந்து போகும்படி பாதையைத் திருப்புவதுதான். பாதையைத் திருப்பிவிட்டால் சந்தைக்குப் பக்கத்தில் தெருவோரம் இருப்பவர்களைத் தனியாக விரட்ட வேண்டிய வேலையே இல்லை, தானாகக் காய்ந்து போவார்கள். வியாபாரிகள் தெருவில் நின்றார்கள், ரப்பர் குண்டும் வாங்கினார்கள். சட்ட உதவி மையத்து வக்கீல்களைப் பிடித்து நீதிமன்றத்துக்கும் போனார்கள். 2011-இல் நகரசபை மால் திட்டத்தைக் கைவிட்டது. உலகக் கோப்பை வந்தது, முடிந்தது, சந்தை இருந்த இடத்திலேயே இருந்தது.

நம் சட்டத்திலும் இதற்கு ஒரு பிடி இருக்கிறது. அம்பது வருஷத்துக்கு மேல் வியாபாரம் நடந்துவரும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அவற்றை இடம் மாற்றக் கூடாது என்று இரண்டாவது அட்டவணை சொல்கிறது. எங்கள் மார்க்கெட் தெருவில் பாட்டி, அம்மா, மகள் என்று மூன்று தலைமுறையாகப் பூ விற்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அம்பது வருஷத்தை எப்படி நிரூபிப்பது என்று கேட்பீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இரண்டாவது வழிதான் இப்போது எல்லோரும் பேசுவது. பத்து நிமிஷ டெலிவரி.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் பல வருஷம் பூட்டிக் கிடந்த ஒரு பர்னிச்சர் கடையின் ஷட்டரை ஒருநாள் சாம்பல் நிறத்தில் பெயின்ட் அடித்தார்கள். போர்டு இல்லை. உள்ளே டியூப்லைட்டும் அடுக்கடுக்காக இரும்பு ராக்கும். வாடிக்கையாளர் யாரும் உள்ளே போக முடியாது. வாசலில் காலை ஏழு மணியிலிருந்தே பைக்குகள். முதலில் அஞ்சாறு நின்றன, இப்போது நடைபாதையே தெரிவதில்லை. அந்த வாசலில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்த அண்ணன், பைக்குக்கு வழிவிட்டு வழிவிட்டு, கடைசியில் சாக்கடை மூடி மேல் வந்து நின்றார். பிறகு அங்கிருந்தும் போய்விட்டார். ஒருநாள் ஆக்கிரமிப்பு அகற்ற வண்டி வந்தது. முனையிலிருந்த சோளக்கதிர் வண்டியை ஏற்றினார்கள். வரிசையாக நின்ற பைக்குகளை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொதுநடைபாதையைத் தன் கிடங்கின் வாசலாகப் பயன்படுத்துகிற கம்பெனி ஆக்கிரமிப்பாளர் இல்லை, ஒரு அடுப்பும் ஒரு கூடைக் கதிரும் வைத்திருக்கிறவர் ஆக்கிரமிப்பாளர். இந்தக் காட்சியைப் பார்த்த பிறகுதான் நான் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

அந்தப் பையன்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, எழுதுகிறபோதே சொல்லிவிடுகிறேன். எங்கள் பூக்கார அக்காவின் இரண்டாவது மகன் அங்கேதான் ஓட்டுகிறான். அம்மா காலையில் கட்டிய மல்லியை விற்கிறார், பையன் அதே தெருவில் யாரோ ஆர்டர் போட்ட பாக்கெட் மல்லியைக் கொண்டுபோகிறான். ‘என் புள்ளையே என் போனிய கெடுக்கிறான்’ என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வார். மாதக் கடைசியில் வீட்டு வாடகைக்கு அவன் காசும் வேண்டியிருக்கிறது.

இந்தக் கம்பெனிகள் எதைப் பார்த்து எதைக் கற்றுக்கொள்கின்றன என்பதும் வேடிக்கை. 2024-இல் பிளிங்கிட் செயலியில் காய்கறி வாங்கினால் கொத்தமல்லி இலவசம் என்று அறிவித்தார்கள். வாடிக்கையாளர் ஒருவரின் அம்மா, காய் வாங்கினால் கொத்தமல்லிக்கும் காசா என்று அதிர்ந்துபோனதாகச் சமூக வலைதளத்தில் வந்த பதிவுதான் அதற்குக் காரணம். கொசுறு! தலைமுறை தலைமுறையாகத் தள்ளுவண்டியில் கேட்காமலே பையில் விழுந்த கருவேப்பிலை, கொத்தமல்லி இப்போது ஒரு ‘ஆஃபர்’. ஆயாவிடம் இதைச் சொன்னேன். ‘குடுக்கட்டும் பாப்பா. கடனும் குடுப்பானா கேளு’ என்றார்.

அங்கேதான் வித்தியாசம். பத்து ரூபாய்க்குப் பச்சை மிளகாயும் இஞ்சியும் கலந்து கொடு என்றால் கொடுப்பார். அடுத்த வாரம் தருகிறேன் என்றால் சரி என்பார். அழுகின தக்காளியைத் திருப்பிக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே காட்டிச் சண்டை போடலாம். கம்பெனியால் இதையெல்லாம் செய்ய முடியாது. ஆனால் கம்பெனியால் முடிகிற ஒன்று ஆயாவால் முடியாது: வருஷக்கணக்கில் நஷ்டத்தில் ஓடுவது. கோயம்பேட்டுக்கு விடியற்காலையில் நாலைந்து பேர் சேர்ந்து லோடு ஆட்டோ பிடித்துப் போகிறார்கள். ஒருநாள் கீரை மிச்சமானால் மறுநாள் ஆட்டோ பங்குக்குக் கைமாற்று. தொடர்ந்து மூன்று நாள் மிச்சமானால் தண்டல்காரர் வீட்டு வாசலில். முதலீட்டாளர் காசில் நஷ்டப்படுகிறவரும் தாலியை அடகு வைத்து நஷ்டப்படுகிறவரும் ஒரே மைதானத்தில் ஓடுவதை எந்தக் கணக்கில் போட்டி என்று சொல்வது?

நஷ்ட விலைக்கு விற்று மற்றவர்களை ஒழிப்பதைத் தடுக்க 2002-ஆம் வருஷத்துப் போட்டிச் சட்டத்தில் நாலாவது பிரிவு இருக்கிறதே என்று வக்கீல் நண்பர் ஒருவர் சொன்னார். இருக்கிறது. ஆனால் அது சந்தையில் ஆதிக்க நிலையில் இருக்கும் நிறுவனத்துக்குத்தான் பொருந்தும். மூன்று நாலு கம்பெனி சேர்ந்து சந்தையைப் பங்குபோட்டுக்கொண்டு, எல்லோருமே நஷ்டத்தில் விற்றால், தனித்தனியாக யாரும் ஆதிக்கம் இல்லை. கூட்டாக ஆதிக்கம் என்று ஒன்றை நம் சட்டம் ஏற்கவும் இல்லை. 2024-இல் நுகர்பொருள் விநியோகஸ்தர்கள் சங்கம் போட்டி ஆணையத்தில் இதைப் பற்றிப் புகார் கொடுத்தது. அவர்களிடம் வக்கீல் உண்டு, கணக்குப் புத்தகம் உண்டு. கீரைக்கட்டுக்கு யார் போய்ப் புகார் கொடுப்பது?

அந்நிய முதலீடும் அப்படித்தான். 2012-இல் பல பிராண்டு சரக்குகளைச் சேர்த்து விற்கும் சில்லறை வியாபாரத்தில் 51 சதவீதம் வரை அந்நிய முதலீடு வரலாம் என்று மத்திய அரசு அனுமதித்தபோது, அந்தந்த மாநிலம் சம்மதித்தால்தான் என்று நிபந்தனை வைத்தது. ஜெயலலிதா அரசு தமிழ்நாட்டுக்கு வேண்டாம் என்றது. வணிகர்கள் வெடி வெடிக்காத குறை. ஆனால் ஆன்லைனில் மற்றவர்கள் சரக்கை விற்க மேடை போட்டுக் கொடுக்கும் நிறுவனத்துக்கு நூறு சதவீத அந்நிய முதலீடு அனுமதி, மாநிலத்தைக் கேட்க வேண்டியதும் இல்லை. சரக்கு தன்னுடையதாக இருக்கக் கூடாது என்பது விதி. அந்தச் சாம்பல் ஷட்டருக்குள் இருக்கும் வெங்காயம் யாருடையது என்று நீங்களும் நானும் எட்டிப் பார்க்க முடியாது.

மூன்றாவது வழியைப் பற்றிச் சுருக்கமாக. அது அன்பாக வரும் வழி. இலவசக் குடை, பெயின்ட் அடித்த வண்டி, சீருடை. வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘எங்கள் சரக்கைத்தான் வைக்க வேண்டும்’ என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று என்னிடம் கொண்டுவந்து காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சிங்கப்பூரில் தெருக்கடைக்காரர்களை அரசே கட்டிய உணவு மையங்களுக்கு மாற்றி, அதை உலகமே புகழ்கிறது. அங்கேயே, சில புதிய மையங்களின் நிர்வாகத்தைத் தனி அமைப்புகளிடம் விட்ட பிறகு, தட்டு கழுவ ஒரு கட்டணம், தட்டைத் திரும்ப எடுக்க ஒரு கட்டணம் என்று ஏறிக்கொண்டே போய், 2018-இல் கடைக்காரர்கள் கொந்தளித்தார்கள். மாடி வளாகம் கட்டித் தருகிறோம் என்று யார் வந்தாலும், நிர்வாகம் யார் கையில் என்று முதலில் கேட்க வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வாசலில் ‘தள்ளுவண்டிகளுக்கு அனுமதி இல்லை’ என்று போர்டு. டெலிவரி பைக்குக்குச் செக்யூரிட்டி போனில் ஒரு தட்டு தட்டி கேட்டைத் திறக்கிறார். இருபது வருஷமாக அந்தத் தெருவுக்கு வரும் வாழைப்பழக்காரர் கேட்டுக்கு வெளியே தொண்டை கிழியக் கத்துகிறார். இதைத் தடுக்கச் சட்டமே வேண்டாம். சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, காலை ஒரு மணி நேரம் வண்டி உள்ளே வரட்டும் என்று தீர்மானம் போட்டால் முடிந்தது. எங்கள் தெருமுனை அபார்ட்மென்ட்டில் அப்படித்தான் நடந்தது. பழக்காரர் இப்போது முதல் போனியை அங்கேதான் பண்ணுகிறார்.

இப்போது ஒரு சம்பவம். இதைச் சொல்லாமல் சட்டம் என்று பேசிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

போன வருஷம் ஒரு காலை, பழம் விற்கும் அம்மா ஒருவரின் கூடையையும் தராசையும் ஆக்கிரமிப்பு அகற்றும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அவருடைய மகள் எங்கள் கடைக்கு ஓடிவந்தாள். கல்லூரியில் முதல் வருஷம், கொஞ்சம் துடிப்பான பெண். தெருவியாபாரிகள் சட்டத்தின் பத்தொன்பதாவது பிரிவைத் தமிழில் ஒரு தாளில் ஏற்கெனவே எழுதி லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதி அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அழுகும் பொருளை உரியவர் கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். அழுகாத பொருளை இரண்டு வேலை நாளுக்குள். அதை எடுத்துக்கொண்டு நானும் கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு அவளுடன் போனேன். வண்டி இன்னும் முனையில்தான் நின்றது. ‘சார், லிஸ்ட் குடுங்க’ என்றாள். அவர் முதலில் புரியாததுபோல் பார்த்தார். ‘என்ன லிஸ்ட்?’ தாளை நீட்டினாள். படித்தார். பின்னால் நின்ற இன்னொருவரிடம் கொடுத்தார், அவரும் படித்தார். பிறகு ஏதோ பழைய பில்லின் பின்பக்கத்தில் ‘கொய்யா ஒரு கூடை, மாதுளை அரைக் கூடை, தராசு 1, எடைக்கல் 3, பிளாஸ்டிக் ஸ்டூல் 1’ என்று எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஸ்டூலை அந்தப் பெண்தான் ஞாபகப்படுத்தி எழுத வைத்தாள். மத்தியானம் பழம் திரும்பி வந்தது. அடியில் இருந்த கொய்யா நசுங்கிப் போயிருந்தது. தராசுக்கு இரண்டு முறை நடக்க வேண்டியிருந்தது, ஆனால் வந்தது. பட்டியல் இல்லாமல் போன தராசு எதுவும் எங்கள் தெருவில் இதுவரை திரும்பி வந்ததில்லை.

அந்த மகளை நான் விடாமல் நச்சரித்துக்கொண்டிருக்கிறேன், நகர விற்பனைக் குழுவுக்குத் தேர்தல் நடந்தால் உன் அம்மாவை நிற்க வை என்று. எங்கே விற்கலாம், எங்கே கூடாது, யாரை எங்கே மாற்றுவது என்பதையெல்லாம் அந்தக் குழுவைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ஆணையர்தான் தலைவர். ஆனால் உறுப்பினர்களில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அடுத்த அழகுபடுத்தல் வரைபடம் போடும்போது, கூடைக்கு எங்கே இடம் என்று கேட்க அந்த அறைக்குள் ஒருவராவது இருக்க வேண்டாமா? இப்போதெல்லாம் இந்த நாற்காலிகளைப் பிடிக்க யார் யார் முண்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பைக்கில் வந்து நாள் வாடகை வசூல் செய்கிறாரே, அவர் ஏற்கெனவே போட்டோ எடுத்துவிட்டார்.

நடந்து போகிறவர்களின் குறை நியாயமானது. முழு நடைபாதையையும் அடைத்துத் தார்ப்பாய் கட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அதை ஒழுங்குபடுத்தத்தான் சட்டத்தில் விற்பனைத் திட்டம், அனுமதி உள்ள பகுதி, அனுமதி இல்லாத பகுதி எல்லாம் இருக்கின்றன. கோடு போடுங்கள், கோட்டுக்குள் உட்காரச் சொல்லுங்கள். எங்கே கோடு போடுவது என்பதை மட்டும் அங்கே உட்காருகிறவரையும் கேட்டுப் போடுங்கள்.

கடைசியாக, எங்கள் பக்கத்து வியாபாரிகள் யாராவது இதைப் பிள்ளைகள் மூலம் படித்தால், காரியத்துக்கு வருகிறேன். படிவத்தில் ‘நிலையான வியாபாரி’, ‘நடமாடும் வியாபாரி’ என்று இரண்டு கட்டம் இருக்கும். சீக்கிரம் வேலை முடியும் என்று யாரோ சொல்வதைக் கேட்டு ‘நடமாடும்’ என்பதில் டிக் அடித்துவிட்டு வராதீர்கள். ஒரே இடத்தில் உட்காருகிறவர் என்றால் நிலையான வியாபாரி. நடமாடும் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு அந்த இடம் என்னுடையது என்று எதை வைத்துக் கேட்பீர்கள்?

பழைய அபராத ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். அம்பது வருஷத்தை எப்படி நிரூபிப்பது என்று மேலே விட்டுவிட்டு வந்தேனே, அதற்குப் பதில் இதுதான். எந்த வருஷம், எந்தத் தெருவில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள் என்பதற்கு அரசாங்கமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சாட்சி அது. பூக்கார அக்காவின் அம்மா டிரங்குப் பெட்டிக்குள் தண்டல் சீட்டுகளுடன் சேர்த்து வைத்திருந்த ரசீதுகளில் சில மஞ்சளாகி மடிப்பில் கிழிந்துவிட்டன. அவற்றை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் தேடிப் பாருங்கள். மீட்டர் பில், ரேஷன் கார்டு, கடை வைத்திருக்கும்போது எடுத்த போட்டோ, கல்யாண ஆல்பத்தில் பின்னணியில் தெரிந்தால்கூடப் பரவாயில்லை, கொண்டுவாருங்கள்.

மனுவை மூன்று பிரதி எடுங்கள். ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று சங்கத்துக்கு, ஒன்றில் தேதியோடு சீல் வாங்கி வீட்டுக்கு. சீல் போட மாட்டேன் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் சட்டத்தின் இருபதாவது பிரிவில் குறைதீர்ப்புக் குழு என்று ஒன்று உண்டு, நீதிபதியாகவோ மாஜிஸ்திரேட்டாகவோ இருந்தவர்தான் அதற்குத் தலைமை. அந்த மனுவின் மாதிரியும் என்னிடம் இருக்கிறது. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல் வந்தால் கூட்டம் இருக்காது. எழுதித் தருவதற்குக் காசு வேண்டாம், ஜெராக்ஸுக்கு மட்டும் கொடுங்கள்.